ஹாலோவீன் பார்ட்டி, அலட்டல் இல்லாமல்: கேள்வி பதில்

பேய் வேஷமும் மிட்டாயுமாக அக்டோபர் 31-இல் வருகிற ஹாலோவீனை வீட்டிலேயே கொண்டாடுவது பற்றி நீங்கள் அனுப்பியவற்றில் ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம், ஒரு மேஜை, ஒரு விளையாட்டு, இந்த மூன்றில் மட்டும் மெனக்கெடுங்கள், மீதியில் கை வைக்காதீர்கள். வருடாவருடம் ஆள் கூப்பிட்டுப் பார்த்த பிறகு எனக்கு மிஞ்சிய பட்டியல் இவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, அக்டோபர் 31-க்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. பையன் வகுப்பில் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறான். எனக்கு ஆபீஸ் வேலையே தலைக்கு மேல். எங்கே தொடங்குவது?

முடிகிற நேரத்தில் தொடங்குங்கள். "4 மணி முதல் 6 மணி வரை" என்று அழைப்பிலேயே போட்டுவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். 6 மணிக்குக் கூட்டிப்போக ஆள் வந்துவிடுவார்கள், ராத்திரிச் சாப்பாடு என்ற பேச்சே எழாது, நொறுக்குத்தீனி போதும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் மிட்டாயும் கூச்சலும் சேர்ந்து அழுகையில்தான் போய் முடியும். அப்புறம், 31-ஆம் தேதியேதான் வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அன்று மாலை பிள்ளைகள் வேஷம் போட்டு, மிட்டாய் கேட்டு வீடு வீடாக ட்ரிக் ஆர் ட்ரீட் போவார்கள், நீங்களும் பின்னால் நடக்க வேண்டியிருக்கும். அதற்கு முந்தின சனிக்கிழமை வைத்தால் வாங்கிய வேஷத்தை இரண்டு தடவை போட்ட மாதிரியும் ஆச்சு. வகுப்பு மொத்தமும் வருகிறது என்றால் இரண்டு பெற்றோரைக் கூட நிற்கச் சொல்லுங்கள். கேட்டால் நிற்பார்கள், கேட்காவிட்டால் யாருக்கும் தோன்றாது.

கேள்வி: அலங்காரம் எவ்வளவு செய்ய வேண்டும்? வீடு முழுக்கவா?

வாசல் கதவும், ஆட்கள் இருக்கப்போகிற ஓர் அறையும். மற்ற அறைகளைச் சாத்திவிடுங்கள்.

கடையில் வாங்குகிற எலும்புக்கூட்டைவிட வெளிச்சம்தான் அதிகம் பயமுறுத்தும். கூரை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மேஜை விளக்கைத் தரையில் செடித் தொட்டிக்குப் பின்னால் வையுங்கள். இலைகளின் நிழல் சுவரில் ஏறி, கூரையில் பெரிய பெரிய விரல்களாக விரியும். யாராவது குறுக்கே நடந்தால் அவர் நிழல் அவரைவிட இரண்டு மடங்கு உயரமாகக் கூடவே போகும். மேலிருந்து விழுகிற வெளிச்சத்திலேயே முகங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால் கீழிருந்து வெளிச்சம் வந்தால் தெரிந்த முகம்கூட வேறு முகமாகிவிடும். இதற்குச் செலவே இல்லை.

அடுத்தது, பழைய வெள்ளைப் படுக்கை விரிப்புகள். சோபா, நாற்காலி எல்லாவற்றின் மேலும் போர்த்திவிட்டால் பல வருடம் பூட்டிக் கிடந்த வீடு மாதிரி ஆகிவிடும். ஜூஸ் கொட்டினாலும் சோபா தப்பிக்கும், மறுநாள் மொத்தமாக வாஷிங் மெஷினில் போட்டால் தீர்ந்தது. எரிகிற விளக்கின் மேல் மட்டும் துணியோ காகிதமோ போர்த்தாதீர்கள். மெழுகுவத்தியும் வேண்டவே வேண்டாம். தொங்குகிற கையும் தரையில் இழுபடுகிற அங்கியுமாக வருகிறவர்களுக்குத் தங்கள் துணி எங்கே உரசுகிறது என்று தெரியாது. பேட்டரியில் எரிகிற குட்டி விளக்குகள் எல்லா இடத்திலும் கிடைக்கின்றன.

கேள்வி: பகல் பார்ட்டிக்கு இந்த வெளிச்ச வித்தையெல்லாம் எடுபடாதே?

முழுசாக எடுபடாது. அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிற கோடைகால நேரம் 2007 முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீள்கிறது, ஆகவே ஹாலோவீன் அன்று 4 மணிக்கு வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஜன்னல் இல்லாத குளியலறையையோ நடைவழியையோ மட்டும் 'பேய் அறை' ஆக்குங்கள். சின்ன இடம் என்றால் வேலையும் கம்மி, பயமும் கூடுதல்.

கேள்வி: பாக்கெட்டில் வருகிற சிலந்தி வலைப் பஞ்சு வாங்கினேன். போட்டுப் பார்த்தால் தலையணை பிய்ந்த மாதிரி இருக்கிறது.

எல்லோரும் செய்வதுதான், பஞ்சை அப்படியே அப்பிவிடுகிறார்கள். ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு முனையை அலமாரி மூலையில் மாட்டி, இழை கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்கிற அளவுக்கு இழுங்கள். பயமாக இழுத்தால் கட்டியாகத்தான் நிற்கும், கை நீட்டுகிற தூரத்துக்கு இழுங்கள். ஒரு பாக்கெட்டில் அறை மொத்தமும் முடித்துவிடலாம். தோட்டத்துச் செடிகளில் மட்டும் போடாதீர்கள், குருவியும் தேனீயும் அதில் சிக்கிக்கொள்கின்றன. வெளியே வலை வேண்டும் என்றால் தடிமனான வெள்ளைக் கயிற்றில் கட்டுங்கள்.

கேள்வி: பூசணியை எப்போது வெட்டுவது? போன தடவை பார்ட்டிக்கு முன்னாலேயே அழுகிவிட்டது. நாலு வயதுப் பெண்ணும் வெட்டுவேன் என்று அடம்பிடிக்கிறாள்.

வெட்டாத பூசணி வாரக்கணக்கில் கிடக்கும், கத்தி பட்டதும் சில நாள்தான், சூடான அறைக்குள் என்றால் அதுவும் குறையும். ஆகவே முதல் நாளோ அதற்கு முந்தின நாளோ வெட்டினால் போதும். மேலே மூடி வெட்டுவதற்குப் பதிலாக அடியில் ஓட்டை போடுங்கள். மூடி சுருங்கி உள்ளே விழுகிற தொல்லை இல்லை, விளக்கைத் தரையில் வைத்துவிட்டுப் பூசணியை அதன் மேல் கவிழ்த்தாலே வேலை முடிந்தது. முகம் வெட்டுகிற பக்கத்தை உள்ளேயிருந்து கரண்டியால் ஒரு அங்குல கனத்துக்குச் சுரண்டிக்கொள்ளுங்கள், கத்தி லேசாக இறங்கும். வெட்டிய விளிம்புகளில் கொஞ்சம் வாஸலின் தடவினால் சீக்கிரம் வாடாது.

உங்கள் பெண்ணுக்குக் கத்தி வேண்டாம். ஒரு சின்னப் பூசணியும் மார்க்கரும் ஸ்டிக்கரும் கொடுங்கள். பார்ட்டிக்கு வருகிற வாண்டுகளுக்கும் இதையே செய்யலாம், ஆளுக்கொரு குட்டிப் பூசணி, வரைந்ததை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், திரும்பக் கொடுக்கத் தனியாகப் பரிசுப் பை கட்ட வேண்டியதில்லை. இந்த முகம் வெட்டுகிற பழக்கம் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கில் தொடங்கியது. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள்தான் பூசணிக்கு மாறினார்கள். டர்னிப்பைக் குடைந்து பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: பானத்திலிருந்து புகை வருகிற மாதிரி செய்ய ட்ரை ஐஸ் வாங்கலாமா?

குழந்தைகள் இருந்தால் என் ஓட்டு வேண்டாம் என்பதற்குத்தான். ட்ரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். வெறும் கையில் தொட்டால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும், துண்டு வாய்க்குள் போனால் ஆபத்து. மூடி இறுக்கிய டப்பாவில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். கார் கண்ணாடியை இறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரவும் கூடாது. பெரியவர்கள் மட்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பெரிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் ட்ரை ஐஸைப் போட்டு, அதன் நடுவே பானம் உள்ள பாத்திரத்தை வையுங்கள். புகை சுற்றிலும் வழியும், பானத்தில் ஐஸ் படாது. எடுக்க இடுக்கியும் கனமான கையுறையும் வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

இதற்குப் பதில் ஐஸ் கை செய்யுங்கள். பவுடர் பூசாத, லேடெக்ஸ் இல்லாத கையுறையை உள்ளும் புறமும் கழுவி, தண்ணீரோ சிவப்பு ஜூஸோ நிரப்பி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டு, தட்டில் படுக்கவைத்து முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் உரிக்க அவசரப்பட்டால் விரல் முறியும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில நொடி காட்டிவிட்டு, கத்தரிக்கோலால் மணிக்கட்டிலிருந்து நீளமாக வெட்டி உரியுங்கள். சுண்டுவிரல் எப்படியும் முறியும். முறிந்த விரலையும் சேர்த்தே பானத்தில் போடுங்கள், இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: சாப்பாட்டு மேஜைக்கு எளிதாக என்ன வைக்கலாம்? இணையத்தில் பார்க்கிற படங்களைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

அந்தப் படங்கள் எடுத்தவர்களுக்கு அன்று பார்ட்டி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைய ஒன்றை வெளியிலிருந்து வரவழையுங்கள், பீட்சா போதும். மிரட்டுவதற்கு ஒன்றே ஒன்றைக் கையால் செய்யுங்கள். சாசேஜில் மாவு நாடாவைச் சுற்றி பேக் செய்தால் மம்மி, கண்ணுக்கு இரண்டு கடுகு சாஸ் புள்ளி. அதுவும் முடியாதென்றால் உரித்த ஆரஞ்சு நடுவில் செலரித் துண்டைச் செருகினால் குட்டிப் பூசணி, பாதி வாழைப்பழத்தில் சாக்லேட் சிப் ஒட்டினால் பேய். வாழைப்பழத்தை மட்டும் ஆட்கள் வந்த பிறகு வெட்டுங்கள், கறுத்துவிடும்.

இறைச்சி, சீஸ் போட்டதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விட்டுவைக்காதீர்கள். நாலு வயதுக்குக் கீழ் யாராவது வந்தால் முழுத் திராட்சை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் மூன்றும் மேஜைக்கு வரக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். 'பேயின் கண்' என்று உரித்த திராட்சையை வைப்பார்கள், அதையும் நீளவாக்கில் நாலாக வெட்டியே வையுங்கள்.

கேள்வி: வருகிற பிள்ளைகளில் ஒருவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. என்ன செய்வது?

அவன் அம்மாவிடம் பேசுங்கள், எதை வைக்கலாம் என்று அவரே சொல்வார். மிட்டாய் பாக்கெட்டைக் கிண்ணத்தில் கொட்டிய பிறகும் உறையைத் தூக்கிப்போடாதீர்கள். ஒரே மிட்டாயின் குட்டி அளவில் சேர்மானம் மாறியிருக்கலாம், பெரிய பாக்கெட்டை வைத்து முடிவுசெய்ய முடியாது. வேர்க்கடலையோடு பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா என்று எட்டு இருந்த, உறையில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் அமெரிக்கப் பட்டியலில் 2023-இல் எள்ளும் சேர்ந்தது. என்னைக் கேட்டால் மிட்டாயையே குறைத்துவிட்டு, ஒளிரும் வளையல், ஸ்டிக்கர், சின்னப் பந்து என்று கிண்ணத்தை நிரப்புவேன். வாசலில் பச்சை கலந்த நீல நிறப் பூசணி இருந்தால் அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக 2014-இல் அமெரிக்கா முழுக்கப் பரவிய டீல் பம்ப்கின் ப்ராஜெக்ட் என்கிற முயற்சியின் அடையாளம் அது.

கேள்வி: மூன்று வயதுக்காரனும் பதினொரு வயதுக்காரியும் ஒரே பார்ட்டியில். சின்னவன் முகமூடியைப் பார்த்தாலே அலறுகிறான்.

முதல் ஒரு மணி நேரம் விளக்கு எரியட்டும், முகமூடி வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பெரிய பிள்ளைகளின் பயங்காட்டலைக் கடைசி அரை மணிக்கு, சாத்திய கதவுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். சின்னவன் கையில் ஒரு டார்ச்சைக் கொடுங்கள். விளக்கை ஏற்றவும் அணைக்கவும் தன்னால் முடியும் என்றால் பயம் பாதி போய்விடும். அவன் அக்காவிடம் பேய் அறையின் பொறுப்பை ஒப்படைத்தால் உங்களுக்கும் ஒரு வேலை குறையும், அவளும் சின்னவர்களைத் துரத்தாமல் இருப்பாள்.

கேள்வி: ஒரு விளையாட்டு என்றால் எது?

மம்மி சுற்றுவது. மூன்று பேர் ஓர் அணி, ஆளுக்கொரு டாய்லெட் பேப்பர் உருளை, ஒருவர் நிற்க மற்றவர்கள் கணுக்காலிலிருந்து மேலே சுற்ற வேண்டும். கழுத்துக்கு மேல் போகக் கூடாது. பேப்பர் கிழிந்துகொண்டே இருக்கும், அங்கேதான் சிரிப்பே. இன்னொன்று வேண்டுமென்றால் கயிற்றில் டோனட் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிக்கச் சொல்லுங்கள். இது அயர்லாந்தில் ஆப்பிளைத் தொங்கவிட்டு ஆடிய பழைய விளையாட்டு, அதனால் ஹாலோவீனுக்கே ஸ்நாப் ஆப்பிள் நைட் என்று ஒரு பெயர் உண்டு. தொட்டித் தண்ணீரில் மிதக்கிற ஆப்பிளை எல்லோரும் வாயால் கவ்வுகிற விளையாட்டு பெயர் பெற்றதுதான், ஆனால் அத்தனை பேர் எச்சிலும் ஒரே தண்ணீரில். வேண்டாம்.

கேள்வி: நாங்கள் எல்லாம் பெரியவர்கள், எட்டுப் பேர். பாதிப் பேருக்கு வேஷம் என்றாலே அலர்ஜி.

'கறுப்பு உடை' என்று மட்டும் அழைப்பில் போடுங்கள். வாசலருகே ஒரு கூடையில் தொப்பி, கண்பட்டை, ஐலைனர் பென்சில் வையுங்கள். இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு அவர்களே எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஸ்லோ குக்கரில் ஒரு சூப், பக்கத்தில் ரொட்டி, கிண்ணங்கள், அவரவரே போட்டுக்கொள்ளட்டும். கொலை மர்ம விளையாட்டு பெட்டி வாங்கலாமா என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். ஆளுக்கு இத்தனை பக்கம் படிக்க வேண்டும், ஒருவர் தாமதமாக வந்தால் கதையே நின்றுவிடும், வீட்டுக்காரருக்கு அது இன்னொரு வேலைதான். ஒரே ஒரு டார்ச்சைக் கைமாற்றிக் கொடுத்து, கையில் வாங்கியவர் தனக்கு நடந்த அமானுஷ்யக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். நள்ளிரவு வரை போகும்.

கேள்வி: பூனைக் கண் மாதிரி கலர் லென்ஸ் ஆன்லைனில் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

கூடாது. அமெரிக்காவில் அழகுக்குப் போடுகிற லென்ஸும் மருத்துவச் சாதனம்தான், மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்பது சட்டவிரோதம். அளவு சரியில்லாத லென்ஸ் கருவிழியைக் கீறிவிடும். கண்ணைச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள், அந்தச் சாயத்தையும் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் நாய் இருக்கிறது.

அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், வேஷம் போட்டவர்களைப் பார்த்து அது மிரளும், வாசல் திறந்தால் ஓடிவிடும். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம், கறுப்பு சாக்லேட்டில் இன்னும் அதிகம். சர்க்கரை இல்லாத மிட்டாயில் வருகிற சைலிட்டால் அதைவிட மோசம். குப்பைக் கூடைக்கும் மூடி வேண்டும்.

கேள்வி: முடிந்த பிறகு பூசணியை என்ன செய்வது?

உள்ளிருக்கும் விளக்கை எடுத்துவிட்டு, வெட்டி உரக்குழியில் போடலாம். பெயின்ட், மினுமினுப்பு பூசியது என்றால் அந்தத் தோலைச் சீவிக் குப்பையில் போட்டுவிட்டு மீதியை மட்டும் போடுங்கள். குடையும்போது எடுத்த விதைகளைக் கழுவித் துடைத்து, எண்ணெயும் உப்பும் பிசிறி, 175 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம்போல வறுத்தெடுங்கள், நடுவில் ஒரு தடவை கிளறிவிடுங்கள். முகம் வெட்டிய பூசணியைச் சமைக்க வேண்டாம், நாள்கணக்கில் வெளியே இருந்தது.