கற்றாழையைக் கடித்த சிப்பிப்பாறைக் குட்டி

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. திண்ணை ஓரம் சோற்றுக்கற்றாழையும் ரணகள்ளியும் தொட்டியில் இருக்கின்றன. மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி நேற்றுக் கற்றாழை மடலைக் குதறிவிட்டு இரண்டு முறை வாந்தி எடுத்தது. இன்று கழிச்சல். நாமே சாப்பிடும் செடி நாய்க்கு ஆகாதா ஐயா?

பதில்: நாம் தோல் சீவி, ஏழு தண்ணீரில் அலசிச் சாப்பிடுகிறோம். குட்டி தோலோடு கடித்திருக்கிறது. மடல் ஒன்றை அறுத்துச் சாய்த்து வையுங்கள். தோலை ஒட்டி மஞ்சள் பால் கசியும். அதைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று கொடுப்பது. கடுமையான பேதி மருந்து. வாந்தி, கழிச்சல், சோர்வு, சில நேரம் சிவந்த சிறுநீர் எல்லாம் அந்தப் பாலின் வேலை. உள்ளே இருக்கும் சோற்றில் அந்தக் கெடுதி இல்லை.

பெரும்பாலும் இது ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனாலும் பழியைக் கற்றாழை மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இந்த வயதில் வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பார்வோ என்ற கொடிய வைரஸ் குடல் நோய்தான். தடுப்பூசி போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லையென்றால் இன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். போட்டிருந்தாலும் கழிச்சலில் இரத்தம் தெரிந்தால், ஈறு உலர்ந்து ஒட்டினால், பிடரித் தோலை இழுத்துவிட்டதும் படியாமல் கூடாரம்போல் நின்றால் காத்திருக்கக் கூடாது. வண்டி வசதி இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள். அதுவரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கக் கொடுங்கள். உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது வேண்டவே வேண்டாம், உப்பே நஞ்சாகிவிடும்.

எனக்குக் கவலை நீங்கள் கேட்காத தொட்டியைப் பற்றித்தான். சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று ஊரெல்லாம் வளர்க்கும் ரணகள்ளியில் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது, பூவில் அதிகம். ஆஸ்திரேலியாவில் இந்த இனச் செடிகளை மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. உயரத்தில் வைத்தாலும் பயனில்லை. உதிர்ந்த இலையின் விளிம்பெல்லாம் குட்டிச் செடி முளைத்துத் திண்ணைக்குக் கீழே பரவிவிடும். நாயோ ஆடோ இருக்கும் வீட்டில் அதை வேரோடு எடுத்துவிடுவதே சரி. இதைக் கடித்தால் மட்டும் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

தொட்டி வெறுமையாக இருக்கிறதே என்று வீட்டில் கேட்டால் நர்சரியில் ஹவோர்த்தியா கேட்டு வாங்குங்கள். கற்றாழைக் குட்டிபோலவே இருக்கும். நாய்க்குக் கெடுதல் இல்லை. ஜேட் செடியைத் தள்ளிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கற்றாழையை எறிய வேண்டாம். திருஷ்டிக்குக் கட்டுவதுபோல் நிலைவாசலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மண் இல்லாமலே பல மாதம் கிடக்கும். சிப்பிப்பாறை வளர்ந்து அந்த உயரத்துக்குத் தாவுவதற்குள் பல் முளைத்துக் கண்டதைக் கடிக்கும் பருவமும் தாண்டியிருக்கும்.