ஐம்பது தாண்டியாச்சு, ஈ.பி.எஃப். காசை எடுக்கவா, விடவா?

கேள்வி: அக்கா, எனக்கு 52 வயது. 1991இல் தோட்டத்தில் பேர் பதிந்து 2012 வரை கொழுந்து எடுத்தேன். முதுகுவலி தாங்காமல் நின்றுவிட்டேன். கிடைத்த சர்வீஸ் காசில் ஒரு தையல் மெஷின் வாங்கி, இப்போது பொகவந்தலாவை டவுனில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கும் ஸ்கூல் தொடங்கும்போதும் தூக்கமில்லாத வேலை, மற்ற மாதங்களில் ஈயோட்டுகிறேன். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை இன்னும் தொடவில்லை. விசாரித்ததில் ஒன்பது லட்சம் கிட்ட இருக்கிறதாம். அதை எடுத்துத் தந்தால் த்ரீவீல் எடுத்து ஓடலாம், மாதாமாதம் வீட்டுக்குத் தருகிறேன் என்கிறான் மகன். வயதை 60 ஆக்கிவிட்டார்கள், அதுவரை தரமாட்டார்கள் என்கிறார் பக்கத்து லயத்து அண்ணன். விட்டுவைத்தால் அரசாங்கமே எடுத்துக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். சுயதொழில் செய்கிறவர்களுக்கும் பென்ஷன் உண்டாமே? நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, முதலில் அந்த இரண்டு பேரையும் அனுப்பிவிடுவோம். 60 என்று அண்ணன் சொல்வது 2021இல் வந்த 28ஆம் இலக்கச் சட்டத்தை. அந்த வயதுக்கு முன் வயதைக் காட்டி ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று முதலாளிக்குச் சொல்கிற சட்டம் அது. ஈ.பி.எஃப். எடுக்கிற வயதை அது மாற்றவில்லை. வேலையை விட்ட பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று பழையபடியே இருக்கிறது. ஆக, இரண்டு வருஷமாகவே உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. விட்டுவைத்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்பதும் வெறும் பேச்சு. கோராத காசு உங்கள் பேரிலேயே கிடக்கும், வருஷா வருஷம் வட்டியும் ஏறும். கல்யாணத்துக்காக வேலையை விடுகிற பெண்கள் 50க்கு முன்னாலேயே எடுக்கலாம் என்று ஒரு வழி உண்டு. எத்தனையோ பிள்ளைகளின் ஈ.பி.எஃப். அப்படித்தான் ஒரு சங்கிலியாகி, அப்புறம் அடகுக்கடைக்குப் போனது. அதைச் செய்யாமல் விட்டிருக்கிறீர்களே, அதுவே பெரிய காரியம்.

இனி கணக்கு. ஈ.பி.எஃப். வட்டி 2022க்கு 9 சதவீதம், 2023க்கு 13, 2024க்கு 11. அந்த 13ஐப் பார்த்து மயங்க வேண்டாம். 2023இல் நாட்டின் கடனை மறுசீரமைத்தபோது இந்த நிதி வைத்திருந்த அரசாங்கக் கடன் பத்திரங்களை மாற்றிக் கொடுத்தார்கள். புதுப் பத்திரங்களுக்கு 2026 வரை 12 சதவீதம், அதன் பிறகு 9. அதனால் 9ஐ வைத்தே போட்டுப் பார்ப்போம். ஒன்பது லட்சத்தைத் தொடாமல் விட்டால், உங்களுக்கு 60 ஆகும்போது ஏறக்குறைய 18 லட்சம்.

அதை மாதக் காசாக்கிப் பாருங்கள். இன்றைக்கு எடுத்து வங்கியில் 8 சதவீத நிலையான வைப்பில் போட்டால் மாதம் 6,000 ரூபாய் வரும். எட்டு வருஷம் கழித்து எடுத்து அதே 8 சதவீதத்தில் போட்டால் மாதம் 12,000. வங்கி வட்டியில் இப்போது 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. வருஷ வருமானம் 18 லட்சத்துக்குள் இருந்தால் ஒரு பிரகடனப் படிவம் எழுதிக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். வங்கியில் தாங்களாக இதைச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

18 லட்சம் என்றதும் கண் விரியும். ஆனால் 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய வருஷத்தைவிட 70 சதவீதம் அளவுக்கு ஏறிக் கிடந்தது. அந்த வருஷம் ஈ.பி.எஃப். தந்தது 9. கோதுமை மா விலைக்கும் மண்ணெண்ணெய் விலைக்கும் நாம் என்ன பாடுபட்டோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு வருஷம் வந்தால் எந்தச் சேமிப்பும் தாங்காது. அதற்குப் பயந்து இன்றைக்கே எடுத்தால் மட்டும் தாங்குமா? கையிலிருக்கும் ரொக்கம்தான் முதலில் கரையும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஈ.பி.எஃப்.ஐ இப்போது எடுக்காதீர்கள். 50 என்பது எடுக்கலாம் என்று சட்டம் கதவைத் திறந்துவிட்ட வயது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக இன்றைக்கே உள்ளே போக வேண்டுமா?

எப்போது எடுப்பது? இங்கேதான் உங்கள் தொழில் வேறு மாதிரி. தோட்டத்தில் வேலையை விட்ட அன்றைக்கே செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர் பேர் எழுதும் பதிவில், பேர் நின்றுவிடும், எல்லாருக்கும் தெரியும். தையல்காரிக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. கண் மங்கும், ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவீர்கள், வாரத்துக்குப் பத்து ஜாக்கெட் தைத்த கை நாலுக்கு இறங்கும். அதுதான் உங்கள் ஓய்வு. ஆகவே வயதைப் பார்க்காமல் கொப்பியைப் பாருங்கள். வாங்கிய தையலையும் கூலியையும் மாதாமாதம் எழுதுங்கள். சீசன் இல்லாத மாதங்களின் வருமானம் கடை வாடகைக்கும் வீட்டுச் சாமானுக்கும் பற்றாமல் ஒரு வருஷம் ஓடினால் எடுத்துவிடுங்கள், 55ஆக இருந்தாலும் சரி. 62இலும் மெஷின் ஓடினால் 62 வரை விடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாரத் தவணைக் கடன், அடகு, ஊர் வட்டி என்று ஏதாவது இருந்து நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தால் என் கணக்கு தலைகீழாகிவிடும். 9 சதவீதம் வருகிற காசை வைத்துக்கொண்டு 30க்கும் 40க்கும் வட்டி கட்டுவது புத்தியில்லை. அப்படியென்றால் மறுபடி எழுதுங்கள்.

இனி மகன். அவன் கேட்பதில் தப்பில்லை, உழைக்கத்தான் கேட்கிறான். ஆனால் ஈ.பி.எஃப்.ஐ முழுசாகத்தான் எடுக்க முடியும், அதை அவன் கையில் கொடுத்தால் உங்கள் முதுமை ஒரு த்ரீவீலின் எஞ்சினில் ஓடும். ரோட்டில் ஒன்று ஆனால் இரண்டும் போச்சு. 'அம்மா இல்லை என்றுவிட்டார்' என்று அவன் முகம் தொங்க வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஈ.டி.எஃப். பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஈ.பி.எஃப்.க்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, தோட்டம் 12 போட்டது. அது போக, தோட்டம் தன் கையிலிருந்து இன்னொரு 3 சதவீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்டியிருக்க வேண்டும். சர்வீஸ் காசோடு அதையும் சேர்த்துத் தந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. சர்வீஸ் காசு என்பது வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், உங்கள் 21 வருஷத்துக்கு 294 நாள். ஈ.டி.எஃப். தனிக் கணக்கு, அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும், வேலையை விட்டவர் 50க்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஈ.பி.எஃப்.பில் உள்ளதில் ஆறேழில் ஒரு பங்கு அளவில் இருக்கும் என்பது என் மதிப்பு. அதை எடுத்து லீசிங் முற்பணத்துக்குக் கொடுங்கள். தவணை அவன் பேரில், அவன் பொறுப்பில்.

பென்ஷனும் உண்டு. இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை என்று, 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. சுயதொழில் செய்கிறவர்களுக்கு அதில் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 60 முதல் உயிர் உள்ளவரை மாதாமாதம் வரும். பிரதேச செயலகத்தில் கேட்டால் அதைப் பார்க்கிற உத்தியோகத்தரைக் காட்டுவார்கள். சேரும் வயதுக்கும் எவ்வளவு பென்ஷன் வேண்டும் என்பதற்கும் ஏற்பத் தவணை மாறும், 52இல் சேர்கிறவருக்கு 30இல் சேர்ந்தவரைவிடக் கூடத்தான். இன்றைக்குத் தெரிவு செய்கிற தொகைதான் அன்றைக்கும் கைக்கு வரும் என்பதை நினைவில் வையுங்கள், மா விலை அதற்காகக் காத்திருக்காது. என்னைக் கேட்டால், மருந்துச் செலவுக்கு என்று நினைத்துச் சின்னத் தொகையில் சேருங்கள். ஈயோட்டுகிற மாதத்திலும் கட்ட முடிகிற தவணையாக இருக்கட்டும். ஈ.பி.எஃப்.பில் நீங்களாகக் காசு கட்ட முடியாது, அது சம்பளக்காரர்களுக்கு மட்டும்.

காசை எடுப்பது எப்போதாவது இருக்கட்டும், கடதாசியைச் சரி பண்ணுவது இந்த மாதமே. இதை நான் சும்மா சொல்லவில்லை. என் அம்மா தோட்டக் கணக்கில் லெச்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, பிறப்புச் சான்றிதழில் முத்துலட்சுமி. தாத்தா சொன்னதைக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம் என்று ஒன்றரை வருஷம் அலைந்தோம். அம்மாவுக்கு அப்போது 66 வயது, மழையில் பஸ் ஏறி இறங்குவதே பெரும்பாடு. உங்களுக்கு இப்போது காசு அவசரமில்லை, அலைய உடம்பும் இருக்கிறது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஹட்டன் தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு எதுவானாலும் எடுத்துப் போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, பேரும் பிறந்த திகதியும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறதா. இரண்டு, நீங்கள் சேர்ந்த மறு வருஷம், 1992இல், தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறின. அந்த மாற்றத்தில் உங்களுக்கு இரண்டு அங்கத்துவ இலக்கம் விழுந்திருக்கலாம். நீங்கள் விசாரித்த ஒன்பது லட்சம் ஒன்றில் மட்டும் உள்ளதா, இரண்டும் சேர்த்தா? இடையில் தோட்டம் கட்டாமல் விட்ட மாதம் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். மூன்று, வாரிசாக யாருடைய பேர் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் பதிந்தது என்றால் உங்கள் அம்மா அப்பா பேராக இருக்கும். அதை மாற்றுவதற்குத் தனிப் படிவம் உண்டு.

பிறகு எடுக்க நினைக்கிற நாள் வரும்போது கே படிவம் நிரப்ப வேண்டும். அன்றைக்கே காசு கைக்கு வராது, சில மாதத்துக்குச் சமாளிக்கக் கொஞ்சம் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

ஹட்டனுக்குப் போகிற அன்றைக்கு மகனையும் கூட்டிப் போங்கள். அந்தக் கணக்கை அவனும் கண்ணால் பார்க்கட்டும். பஸ் காசு அவனுடையது.