ஆசிரியரான உங்களுக்குப் பள்ளி திறந்த முதல் வாரமே குரல் கட்டுகிறதா?

இன்றிலிருந்தே தினமும் 10 நிமிடம் வாய்விட்டுப் படியுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டுங்கள். பள்ளி திறக்க இன்னும் 10 நாள் இருந்தால், அதற்குள் குரல் பழகிவிடும்.

வருடா வருடம் முதல் வாரத்தில் மட்டும் கட்டுகிறது என்றால், விடுமுறை முழுக்க வீட்டுப் பேச்சு பேசிவிட்டு முதல் நாளே வகுப்பு இரைச்சலுக்கு மேல் கத்துவதுதான் காரணமாக இருக்கும்.

அப்புறம், ஒரு ஸ்ட்ராவை உதட்டில் வைத்து அதன் வழியாக ‘ஊ’ என்று கீழிருந்து மேலே மெதுவாக இழுத்துப் பாருங்கள் (வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை). கழுத்து இறுகினாலோ நடுவில் குரல் உடைந்தாலோ அழுத்திக் குரல் கொடுக்கிறீர்கள் என்று இருக்கலாம், சத்தத்தைக் குறையுங்கள்.

குரல் போய்விட்டால் கிசுகிசுக்காதீர்கள், அது ஓய்வு இல்லை. கரகரப்பு 3 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.