துப்பாக்கி மருந்தை மாற்றினால் த்ரோட் தேய்மானம் நிற்குமா?

கேள்வி: என் .243 வின்செஸ்டர் ரைஃபிளில் 1,200 ரவுண்டு சுட்டாகிவிட்டது. த்ரோட் (பேரலுக்குள் தோட்டாவின் கூட்டுக்கு முன்னால், ரைஃப்ளிங் தொடங்கும் இடம்) போய்விட்டது, டபுள் பேஸ் மருந்துதான் காரணம், சிங்கிள் பேஸுக்கு மாறினால் அடுத்த பேரல் இரண்டு மடங்கு உழைக்கும் என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. இரண்டு மடங்கு என்பதை நம்பாதீர்கள்.

சிங்கிள் பேஸில் வெடிபொருள் நைட்ரோசெல்லுலோஸ் மட்டும்; டபுள் பேஸில் அதோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருப்பதால் சுடரின் சூடு அதிகம். ஒவ்வொரு முறை சுடும்போதும் த்ரோட்டின் மேல்தோல் சட்டென்று சூடேறிக் குளிர்ந்து, வறண்ட ஏரித் தரைபோல் வெடிப்பு விடுகிறது. 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின் இருந்த பிரிட்டிஷ் கார்டைட் என்ற பழைய துப்பாக்கி மருந்து பேரலை அரித்ததால்தான், 1901-ல் அதை 30 விழுக்காடாகக் குறைத்து கார்டைட் எம்டி கொண்டுவந்தார்கள். இன்றைய ரைஃபிள் மருந்துகளில் பொதுவாக அதைவிடவும் குறைவு. உங்கள் டப்பாவில் எவ்வளவு என்று பார்க்கப்போனால் லேபிளில் இருக்காது. பாதுகாப்புத் தரவுத் தாளைத் தேடிப் படிக்க வேண்டும். வாங்குகிறவருக்கு அவசியமான ஒரு எண்ணை முன்பக்கத்தில் அச்சடிக்க இத்தனை காலமாக ஏன் மனம் வரவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

உங்கள் பேரலை அதிகம் தின்பது வேறு. .308 வின்செஸ்டர் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கியதுதான் .243. கிட்டத்தட்ட அதே அளவு மருந்து, ஆனால் பேரல் துளையின் பரப்பு .308-இல் சுமார் 62 விழுக்காடுதான். அந்த நெருப்பு முழுவதும் சின்ன வாய் வழியே போயாக வேண்டும். இதோடு வேகமாகச் சுடும் பழக்கமும் சேர்ந்தால் எந்த மருந்தும் காப்பாற்றாது. பேரலில் கை வைக்க முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். உச்ச லோடிலிருந்து (தோட்டாவில் நிரப்பும் மருந்தின் அளவு) சற்று இறங்குவதும் பலன் தரும்.

புது பேரல் வாங்குமுன் ஒன்றைச் சோதியுங்கள். போர்ஸ்கோப் (பேரலின் உட்புறத்தைப் பார்க்கும் கருவி) படத்தைக் காட்டிப் பயமுறுத்தி பேரல் விற்பவர்கள் நிறைய. கூட்டின் வாய்க்குச் சற்று முன்னால் கருப்பு வளையமாகத் தெரிவது இறுகிப்போன கார்பனாகவும் இருக்கலாம். அழுத்தம் திடீரென ஏறும், குறி சிதறும், பார்த்தால் தேய்மானம் என்றே தோன்றும். போர் கைடு (துடைக்கும் கம்பியை நேராகச் செலுத்தும் குழாய்) பொருத்தி, கார்பன் கரைப்பானில் ஊறவிட்டு, வெண்கலப் பிரஷ்ஷால் அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். உலரத் துடைத்துவிட்டுத் திரும்பச் சுட்டுப் பாருங்கள். குறி பழையபடி சேர்ந்தால் பேரல் நன்றாகவே இருக்கிறது. ஒருமுறை செய்துவிட்டுப் போகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இறுகிய கார்பன் இரண்டு மூன்று முறை கேட்கும்.

அதன்பின் அளவெடுங்கள். ஒரே ரகப் புல்லட்டை வைத்து, ரைஃப்ளிங்கைத் (பேரலின் உட்புறச் சுருள் வரிகள்) தொடும் நீளத்தைக் கேஜிலும் காலிப்பரிலும் எடுத்து, 200 ரவுண்டுக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். நீளம் கூடுவது இயல்புதான். அதோடு வேகம் குறைந்து, புல்லட்டை முன்னால் தள்ளி வைத்தும் குறி சேராவிட்டால்தான் பேரலை மாற்ற வேண்டும்.

சிங்கிள் பேஸுக்கு மாறுவதானால் பழைய மருந்தின் கிரெய்ன் (எடை) கணக்கை அப்படியே போடவே கூடாது. தயாரிப்பாளர் அந்த மருந்துக்கு வெளியிட்ட தொடக்க லோடிலிருந்து ஆரம்பியுங்கள். டப்பாவின் அடியில் மிஞ்சிய பழைய மருந்தைப் புதியதோடு கலக்காதீர்கள்.