சலுகைக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: எங்கள் அறக்கட்டளை நடத்தும் சிறிய பொறியியல் கல்லூரியில் 180 இடங்கள் உள்ளன. சென்ற ஆண்டு 97 பேர் சேர்ந்தார்கள். அவர்களுள் 19 பேர் இரண்டாமாண்டுக்கு வரவில்லை. ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். எல்லோருக்கும் 20,000 ரூபாய் குறைத்தால் இடங்கள் நிரம்பும் என்றும், மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டால் யாரும் நின்றுவிட மாட்டார்கள் என்றும் அறங்காவலர்கள் சிலர் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
- தாளாளர் ஒருவர், நாமக்கல் மாவட்டம்

பதில்: சான்றிதழ் யோசனையை இன்றே கைவிடுங்கள். சரிபார்த்தவுடன் மூலச் சான்றிதழைத் திருப்பித் தந்துவிட வேண்டும், எக்காரணம் கொண்டும் கல்லூரி அதைத் தன்வசம் வைத்திருக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது.

அடுத்தது கட்டணம். 97 பேரிடம் 50,000 வீதம் உங்களுக்கு வருவது 48,50,000 ரூபாய். கட்டணம் 30,000 ஆனால் அதே தொகையை ஈட்ட 162 பேர் சேர வேண்டும். அதாவது 65 பேர் கூடுதலாக வர வேண்டும். பக்கத்துக் கல்லூரியும் மறுவாரமே கட்டணத்தைக் குறைத்துவிட்டால், அந்த 65 பேர் எங்கிருந்து வருவார்கள்? அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவருக்கு அறிவிக்கும் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளுபடியாகவே போகிறது. அப்படியிருந்தும் அங்கே சிறிய கல்லூரிகள் மூடப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது நின்றுவிட்ட அந்த 19 பேரைப் பாருங்கள். எஞ்சிய மூன்று ஆண்டுகளுக்கு அவர்கள் கட்டியிருக்க வேண்டியது 28,50,000 ரூபாய். மே, ஜூன் மாதங்களில் ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்பி ஆள் பிடிக்கச் செய்வதிலும், இடைத்தரகருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதிலும் காட்டுகிற முனைப்பில் கால் பங்கையாவது, சேர்ந்த பிள்ளையைத் தக்கவைப்பதில் நாம் காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நான் முதல்வராக இருந்த கல்லூரியில் ஒரு மாணவன், கணிதத்தில் மட்டும் அரியர் வைத்திருந்தவன், இரண்டாம் பருவத்தில் திடீரென வராமல் நின்றான். வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான், 7,000 ரூபாய் பேருந்துக் கட்டணப் பாக்கிக்காக அலுவலகத்தில் அவனுடைய ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்திருந்தது தெரியவந்தது. வெட்கத்தால் அவன் யாரிடமும் சொல்லவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தான். அந்த 7,000 ரூபாய்க்காக மூன்று ஆண்டுக் கட்டணத்தையும், அதைவிட மேலாக ஒரு பிள்ளையின் படிப்பையும் நாங்கள் இழந்தோம்.

ஆகவே, எல்லோருக்கும் பகிர்ந்தளிக்க நினைக்கும் 19,40,000 ரூபாயில் ஒரு பகுதியை மட்டும் தனியே ஒதுக்கி, தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் முட்டுப்படுகிறவர்களுக்கு உடனே கொடுக்கும் அதிகாரத்தை முதல்வரிடமே விட்டுவிடுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் பருவத்தில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் மாலையில் தமிழிலேயே விளக்கிச் சொல்ல ஆள் வையுங்கள். வருகைப்பதிவு குறையத் தொடங்கும் வாரத்திலேயே வகுப்பாசிரியர் பெற்றோருடன் பேசிவிட வேண்டும். 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு பேசிப் பயனில்லை. நின்றுவிட்ட 19 பேரின் வீடுகளுக்கும் நீங்களே ஒருமுறை போய்வாருங்கள். எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்கே கிடைக்கும். இடத்தை உடனே நிரப்பும் அவசரத்தில் அத்தகைய மாணவரை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொண்டால், அரசு தரவிருந்ததை அவர் இழந்துவிடுவார். பிறகு அந்தச் சுமை தாளாமல் பாதியில் நிற்பவரும் அவராகவே இருப்பார். அவரைக் கலந்தாய்வுக்கே அனுப்பி, விருப்பப் பட்டியலில் உங்கள் கல்லூரியைக் குறிக்கச் சொல்லுங்கள். துணைக் கலந்தாய்வும் இருக்கிறது. அரசிடமிருந்து பணம் தாமதமாக வந்தால், அதைக் காரணம் காட்டி மாணவரை நெருக்காதீர்கள்.

சலுகை தருவதென்று முடிவெடுத்தால், அது நான்கு ஆண்டுகளுக்கும் எவ்வளவு என்பதைக் கையெழுத்திட்ட கடிதமாகச் சேர்க்கை நாளன்றே பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள்.