இருண்ட பனிக்காலத்தில் வெப்பமண்டலச் செடிகள்: நோர்வே வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஒஸ்லோ): வணக்கம் ஐயா. எங்கள் வரவேற்பறையில் உள்ள மணிபிளான்ற், மொன்ஸ்ரெரா, பீஸ் லில்லி ஆகியவை கோடையில் செழித்து நின்றன. நவம்பர் பிறந்ததும் இலைகள் மஞ்சளாகி விழத் தொடங்கிவிட்டன. அறையின் வெப்பநிலை 22 பாகை. இன்னும் கூட்ட வேண்டுமா?

பதில்: கூட்ட வேண்டாம், முடிந்தால் குறையுங்கள். உங்கள் செடிகள் வாடுவதற்குக் காரணம் ஒளிக்குறைவு. டிசம்பர் 21ஆம் திகதி நண்பகலில் யாழ்ப்பாணத்துச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளில் ஒஸ்லோவில் அது 7 பாகையைக்கூட எட்டுவதில்லை, பகற்பொழுதும் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சாய்ந்த ஒளியையும் முகிலும் எதிர்வீட்டுக் கூரையும் மறைத்தது போக எஞ்சியதே உங்கள் யன்னலை அடைகிறது. யன்னலிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நிற்கும் செடிக்கு அதிலும் சிறு பங்குதான் கிடைக்கும். மனிதக் கண் மங்கலுக்குப் பழகிக்கொள்வதால் அறை போதிய வெளிச்சத்துடன் இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

செடி இருளிலும் சுவாசிக்கிறது. வெப்பம் கூடக்கூடச் சுவாசமும் கூடி, கோடையில் சேமித்த மாச்சத்து விரைவாகக் கரைகிறது. வருமானம் குறைந்த மாதத்தில் வீட்டுச் செலவைக் கூட்டுவது எப்படியோ, ஒளி குறைந்த அறையில் வெப்பத்தைக் கூட்டுவதும் அப்படியே. இந்த மூன்று செடிகளுக்கும் 18 பாகை போதுமானது. அவற்றைத் தெற்கு நோக்கிய யன்னலுக்கு அருகே நகர்த்துங்கள். ஆனால் இலைகள் குளிர்ந்த கண்ணாடியைத் தொடக்கூடாது. டிசம்பர் மாதத்து நோர்வே வெயில் எந்த இலையையும் சுட்டுவிடாது என்பதால் திரைச்சீலையும் தேவையில்லை.

கேள்வி (திரம்மன்): செடிகளுக்கென்று விற்கும் ஊதா நிற விளக்குத்தான் வாங்க வேண்டுமா? இரவு முழுவதும் எரியவிடலாமா?

பதில்: ஊதா விளக்கு வேலை செய்யும், ஆனால் அவசியமில்லை. இலைகள் சிவப்பு, நீல ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுகின்றன என்பதால் அந்த இரண்டு நிறங்களை மட்டும் கலந்து அவ்விளக்குகளைச் செய்கிறார்கள். வெள்ளை எல்.ஈ.டி விளக்கிலும் அவ்விரண்டும் உள்ளன. பச்சை ஒளியையும் இலை ஓரளவுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அதைவிட, ஊதா ஒளியில் இலை மஞ்சளாவதும் பூச்சி பிடிப்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எனவே நான் எப்போதும் வெள்ளை விளக்கையே பரிந்துரைக்கிறேன்.

விளக்கின் தரத்தைவிடத் தூரமே முக்கியம். சிறிய குமிழ் ஒன்றின் தூரத்தை இரட்டிப்பாக்கினால் இலையில் விழும் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், கூரையில் தொங்கும் மின்விளக்கு செடிக்குப் பெரும்பாலும் அலங்காரமே. மேசை விளக்கின் குமிழை இலைக்கு மேலே 30 சென்ரிமீற்றர் அளவில் பொருத்தி, நாளுக்கு 12 முதல் 14 மணித்தியாலம் எரியவிடுங்கள். நேரத்தைப் பார்த்துக்கொள்ள மலிவான ரைமர் ஒன்று போதும். இரவு முழுவதும் எரிய வேண்டியதில்லை. வெப்பமண்டலத்துச் செடிகள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணித்தியால இரவுக்குப் பழகியவை.

கேள்வி (ஒஸ்லோ): என் கறிவேப்பிலைக் கன்று ஒவ்வொரு பனிக்காலமும் இலை முழுவதையும் கொட்டிவிடுகிறது. இம்முறை வெறும் குச்சியாக நிற்கிறது. செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் சாகவில்லை. தண்டின் தோலை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் தெரியாவிட்டால் கீழே இறங்கி இறங்கிப் பாருங்கள்; அடித்தண்டு பட்டாலும் வேரிலிருந்து புதுக்கன்று கிளம்பும் இயல்பு இம்மரத்துக்கு உண்டு.

கறிவேப்பிலை முழு வெயிலுக்கு உரியது. மணிபிளான்றைப் போல மர நிழலில் ஏறிப் படர்ந்த வரலாறு அதற்கு இல்லை. ஆகவே நமது வீடுகளில் அதுவே முதலில் துன்பப்படுகிறது. உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, வலுவான விளக்கின் கீழ் 20 பாகைக்கு மேல் வைத்து, பனிக்காலம் முழுவதும் இலையுடன் வளர்ப்பது. இரண்டாவது, 12 முதல் 15 பாகை வரையிலான குளிர்ந்த, ஆனால் வெளிச்சமுள்ள அறையில் ஓய்வெடுக்க விடுவது. இலைகள் உதிரும், உதிரட்டும். பலர் செய்வது இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது: சமையலறையின் சூட்டில், விளக்கின்றி, ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது. கன்று அழிவது இந்த நடுவழியில்தான்.

இலையில்லாத செடி தண்ணீரை மிகக் குறைவாகவே குடிக்கும். சாடியைத் தூக்கிப் பார்த்து, நன்கு இலேசான பிறகு மட்டும் சிறிதளவு ஊற்றுங்கள். குளிர்ந்த கல்தரையில் சாடியை நேரடியாக வைக்காதீர்கள், ஏனெனில் வேர் குளிர்ந்தால் மண்ணில் நீர் இருந்தும் செடியால் அதை எடுக்க முடியாது. மார்ச் மாதத்தில் பட்ட நுனிகளை வெட்டி, புதுத்தளிர் வந்த பின்னரே பசளை இடுங்கள். ஊரிலிருந்து கன்று கொண்டுவரும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். எலுமிச்சை இனங்களை அழிக்கும் நோயொன்றைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்கிறது, அதனால்தான் பல நாடுகள் இதன் கன்றுகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன.

கேள்வி (லில்லஹாமர்): இலை நுனிகள் காய்ந்து பழுப்பாகின்றன. தினமும் இரண்டு தடவை நீர் தெளிக்கிறேன், பலனில்லை.

பதில்: பலன் இருக்காது. வெளியே மறை 10 பாகையில் உள்ள காற்று, ஒரு கனமீற்றருக்கு ஏறக்குறைய 2 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். அதே காற்றை உள்ளே எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் அதனால் 17 கிராம் வரை தாங்க முடியும். ஆனால் இருப்பதோ அந்த 2 கிராம்தான். சமையலும் குளியலும் நமது மூச்சும் சற்று ஈடுசெய்தாலும் வீட்டுக் காற்று மிக வறண்டதாகவே இருக்கும். தெளித்த நீர் சில நிமிடங்களில் ஆவியாகி அறையெங்கும் பரவிவிடுகிறது. கலத்தியா போன்ற மெல்லிலைச் செடிகளுக்கு ஈரப்பதனூட்டும் கருவி வேண்டும். 40 சதவீதத்துடன் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் குளிர்ந்த சுவர்களில் பூஞ்சணம் பிடிக்கும். சூடாக்கிக்கு நேர் மேலே செடி இருந்தால் முதலில் அதை இடம் மாற்றுங்கள்.

இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். நுண்ணிய வலையும் ஊசிமுனை போன்ற புள்ளிகளும் தெரிந்தால் அது செஞ்சிற்றுண்ணி. வறண்ட சூட்டில் வேகமாகப் பெருகும். இளஞ்சூட்டு நீரால் இலைகளின் இருபுறத்தையும் கழுவி, வாரம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி (துரொம்சோ): விளக்கு வைக்காமல் இங்கே ஏதாவது வளருமா?

பதில்: வளராது; தாக்குப்பிடிக்கும். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியனே உதிக்காத ஊரில், சான்செவேரியா, சாமியோகுல்காஸ் ஆகிய இரண்டையும் நம்பலாம். இரண்டும் ஆபிரிக்காவின் வறட்சிக்குப் பழகி, தடித்த இலையிலும் கிழங்கிலும் நீரைச் சேமிப்பவை. இருண்ட மாதங்களில் மாதம் ஒருமுறை சிறிது நீர் போதும்.

கேள்வி (பேர்கன்): சாடிகளிலிருந்து சிறிய கறுப்பு ஈக்கள் எழும்புகின்றன.

பதில்: மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதற்கு அவை சாட்சி. அவற்றின் புழுக்கள் ஈரமான மேல்மண்ணில் வாழ்கின்றன. மேலே மூன்று சென்ரிமீற்றர் வரை காயவிட்டு நீர் ஊற்றுங்கள்; பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டுத்தாள் வையுங்கள். தும்புச்சோற்றுக் கலவையின் மேற்பரப்பு காய்ந்து தோன்றினாலும் உள்ளே ஈரம் நிற்கும் என்பதால் விரலால் தோண்டிப் பார்ப்பதே நல்லது.

கேள்வி (ஒஸ்லோ): கோடையில் எப்போது வெளியே வைக்கலாம்?

பதில்: மே மாதத்து வெயிலைப் பார்த்து அவசரப்படாதீர்கள். இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நிற்க வேண்டும். ஒஸ்லோவில் அது பெரும்பாலும் ஜூன் மாதம்தான். கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலைகள் திறந்த வெயிலில் வெளிறிக் கருகும் என்பதால் முதல் பத்து நாட்களும் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு நகர்த்துங்கள். கறிவேப்பிலையை மட்டும் படிப்படியாக முழு வெயிலுக்குக் கொண்டுபோகலாம். செப்டெம்பர் தொடக்கத்தில் உள்ளே எடுக்குமுன் இலைகளின் அடிப்பக்கத்தைக் கழுவி, இரண்டு வாரங்கள் மற்றச் செடிகளிலிருந்து விலக்கி வையுங்கள்.