கிளட்ச் அல்ல, பேரிங்தான்

வணக்கம் அண்ணா. டர்பன் அருகிலுள்ள ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் உங்கள் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் மூன்றாம் கியரில் ஊளையிடுகிறது, நான்கில் அடங்குகிறது, நியூட்ரலில் முனகுகிறது, கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். கிளட்சை மாற்றச் சொன்னவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கெட்டிருந்தால் மிதிக்கும்போதுதான் சத்தம் வரும்.

அந்த ஐந்து கியர் பெட்டியில் நான்காவது நேரடி கியர்: விசை உள்ளே வரும் தண்டிலிருந்து நேராக வெளியே போகும் தண்டுக்குச் செல்கிறது. மற்ற கியர்களைப் போல, கீழே இணையாகச் சுற்றும் கீழ்த்தண்டு வழியாகப் போவதில்லை. மற்ற கியர்களில் மட்டும் ஊளை என்றால் சந்தேகம் கீழ்த்தண்டுப் பேரிங் மீதுதான்.

முதலில் ஆயிலை வடித்து, ஒரு துளியை விரல்களுக்கிடையே தேயுங்கள். சாம்பல் நிற மை போல இருந்தால் பயமில்லை. மணல் போல நறநறத்தால், பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். ஆயில் ஊற்றும் மேல் திருகாணி திறக்கிறதா என்று பார்த்த பிறகே, ஆயிலை வடிக்கும் கீழ்த் திருகாணியைத் தொடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி ஆயில் ஊற்ற வழியிருக்காது.

கழற்றும்போது கவனம்: கியர் பெட்டியையும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் அடியில் ஜாக் கொடுக்காமல் அதை அவிழ்க்கவே கூடாது. டர்பனில் பழைய பெட்டி வாங்கினால், எஞ்சின் பக்கம் நீட்டியிருக்கும் உள்தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் வேண்டாம். ஆயில் 75டபிள்யூ-90, சுமார் 2 லிட்டர். வடித்த ஆயிலின் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.